எண்பதைத் தொட்டால் ஆடும் கார்: பழைய டீசல் வண்டியோடு என் அனுபவம்

ஊருக்குள் ஓட்டும்போது வண்டி சமர்த்து. ஜிஎஸ்டி சாலையில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி 80-ஐத் தொட்டால்தான் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடத் தொடங்கும். 90-இல் உச்சம். 100-ஐத் தாண்டினால் ஓரளவு அடங்கிவிடும். 65,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக் இது. இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் இந்த ஆட்டத்தை மூன்று ரூபத்தில் பார்த்துவிட்டேன், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

எங்கே போய்ச் சொன்னாலும் முதலில் வரும் பதில், "அலைன்மென்ட் பண்ணிடலாம் சார்." சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி சின்ன வெயிட் ஒட்டுவது. இரண்டையும் ஒரே பில்லில் சேர்த்துப் போடுவதால் நமக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

ஏன் அந்த வேகத்தில் மட்டும்? 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். 90-இல் போகும்போது நொடிக்கு 13 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு பக்கம் சில கிராம் எடை கூடியிருந்தாலும் சுற்றுக்கு ஒரு தட்டு விழும். சஸ்பென்ஷனில் சக்கரம் இயல்பாகத் துள்ளும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 வரைதான். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஆட்டம் பெரிதாகிறது.

எனக்கு பேலன்சிங் செய்த கொஞ்ச நாளைக்கு நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போடச் சொன்னேன். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, ஆட்டம் சீட்டுக்கு வந்துவிட்டது. ஆக, கோளாறு அந்த இரண்டு சக்கரங்களில் ஒன்றில். காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஏன் யாரும் முதலிலேயே செய்வதில்லை என்று தெரியவில்லை.

டயர் கடையில் பேலன்சிங் மெஷினில் சக்கரம் சுற்றும்போது குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். வெளி விளிம்பு ஆடாமல் சுற்றியது. வண்டியில் மாட்டியிருக்கும்போது கண்ணுக்கே படாத உள் விளிம்பு அலையலையாக ஆடியது. மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் ஒருமுறை பலமாக இறங்கியிருக்கிறது, அதன் வேலையாகத்தான் இருக்க வேண்டும். இப்படி நெளிந்த ரிம்மிலும் வெயிட் ஒட்டி மெஷினில் சைபர் காட்ட வைக்கலாம். எடை சமமாகும், வட்டம் சமமாகாது. கடைக்காரர் பெண்ட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். இரும்பு ரிம் என்றால் சரி என்றிருப்பேன். அலாய் ரிம்மைச் சூடாக்கித் தட்டினால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. புது ரிம் வாங்கினேன், அதோடு நெடுஞ்சாலை ஆட்டம் ஒழிந்தது.

அடுத்த ஆட்டம் ஏலகிரி மலை ஏறும்போது வந்தது. மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வண்டி மொத்தமும் இடம் வலமாக ஆடும், காலை எடுத்தால் நின்றுவிடும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிமானமான எஞ்சின் மவுண்ட் போயிருக்கும் என்றார் மெக்கானிக். மவுண்ட் போயிருந்தால் பெரும்பாலும் ஐடிலில் நிற்கும்போதே காட்டிக்கொடுக்கும். கியர் லீவர் துள்ளும், ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் எஞ்சின் குதிக்கும். என் வண்டியில் அது எதுவும் இல்லை. சமதளச் சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டுப் பார்த்தேன், துளி ஆட்டமில்லை. (ஆளில்லாத நேரான சாலையில் மட்டும் செய்யுங்கள். எஞ்சினை அணைக்கவே கூடாது, பவர் ஸ்டியரிங் உதவியும் பிரேக் பூஸ்டரும் போய்விடும்.) நியூட்ரலிலும் ஆடினால் சக்கரம் பக்கம் தேட வேண்டும். இழுவையில் மட்டும் ஆடினால், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம். லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது. இடது ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, கிரீஸ் கியர்பாக்ஸ் முழுக்கத் தெறித்திருந்தது. உள்ளே கப்பில் உருளைகள் ஓடும் இடம் பள்ளமாகிவிட்டது. பூட் மட்டும் கிழிந்த நிலையில் பார்த்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும், இப்போது ஜாயின்ட்டே மாற்ற வேண்டியதாயிற்று. வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்தால் வழக்கமாக ஆட்டம் இருக்காது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக்கென்று சத்தம்தான் வரும்.

மூன்றாவது, பிரேக் பிடித்தால் மட்டும் ஆடுவது. இதில் ஆராய்ச்சிக்கு இடமே இல்லை, முன்சக்கரத்தின் பிரேக் டிஸ்க்தான். சுற்றிலும் ஒரே கனமாக இல்லாமல் போய்விடுகிறது. புது டிஸ்க், புது பேட். வீல் நட்டை ஏர் கன் வைத்து ஏனோதானோவென்று இறுக்கினாலும் இந்தத் தொல்லை வரும். அதனால் பஞ்சர் கடையாக இருந்தாலும் கையால், குறுக்குக்குக் குறுக்காக இறுக்கச் சொல்லி பக்கத்திலேயே நிற்பேன். கொஞ்சம் முறைப்பார்கள்தான்.

இவ்வளவுக்கும் பிறகு சிக்னலில் நிற்கும்போது சீட்டில் மெல்லிய நடுக்கம் இருக்கிறது. அது டீசல் எஞ்சினின் சுபாவம், அதை விட்டுவிட்டேன். இன்னும் பாக்கி இருப்பது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையில் உள்ள ரப்பர். லேசாக வெடிப்பு விட்டிருக்கிறது. டயர் சுவரில் அச்சிட்டிருக்கும் கடைசி நான்கு எண்கள் 2319, அதாவது 2019-இன் 23-ஆவது வாரம் தயாரித்தது. பட்டன் (தரையைத் தொடும் மேடுகள்) இன்னும் தேயவில்லை என்றாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. புஷ் மாற்றினால் அலைன்மென்ட் எப்படியும் செய்தாக வேண்டும், ஆகவே அடுத்த மழைக்கு முன்னால் டயரையும் சேர்த்து மாற்றுவதாக இருக்கிறேன்.