குன்னூரில் ஒரு மனநல ஆலோசகர், ஐந்து தடவை போன பிறகு எழுதுகிறேன்

அப்பா போனதிலிருந்து நெஞ்சில் ஒரு இறுக்கம், ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். சரி என்று கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி இந்த அம்மாவிடம் போனேன். கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே "இப்போ உடம்புல எங்க கனமா இருக்கு?" என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொன்னார்; அப்படி விடும்போது மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்குமாம். மூன்றாவது தடவைதான் அழுதேன், அதுவும் தோளைத் தளர்த்தச் சொன்னபோது. அப்புறம், காரியத்தன்று சண்டை போட்டுப் பேசாமல் இருந்த அண்ணனுக்கு நானே போன் செய்தேன். டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையை ஆலோசகர் நிறுத்தச் சொல்லவில்லை, அது பிடித்தது. பீஸ் 1,500 ரூபாய், கொஞ்சம் அதிகம்தான். மழை நாளில் அறை ஐஸ்பெட்டி, ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.