கோல்ஃப் மைதானத் தூரங்களை அளக்க எந்த மென்பொருள்?

இலங்கை மலையகத்தில் ஒன்பது குழிகள் (ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து பந்து விழவேண்டிய துளை வரையான தடங்கள்) கொண்ட ஒரு தனியார் மைதானத்திற்கு, ஒவ்வொரு குழியின் நீளத்தையும் காட்டும் தூர அட்டை தயாரிக்கும் பணி எங்கள் நில அளவை அலுவலகத்திற்கு வந்தபோது, எதை நம்பி அளப்பது என்று தெரிந்துகொள்வதற்காக, ஒரே குழியை மூன்று மென்பொருள்களில் அளந்து பார்த்தேன்.

கூகுள் எர்த் ப்ரோ 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வளைந்து செல்லும் குழியை டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) திருப்பம் வரை, திருப்பத்திலிருந்து கிரீனின் (துளை உள்ள குறும்புல் தரை) நடு வரை எனக் கோடு இழுத்து அளக்கலாம். வழியின் ஏற்ற இறக்கத்தையும் வரைபடமாகக் காட்டும். ஆனால் நான்காவது குழியின் கிரீனில் பாதி, படத்தில் பைனஸ் மரங்களின் நிழலுக்குள் கிடந்தது. நடுப்புள்ளியை ஊகித்து இரண்டு முறை அளந்ததில் ஏழு மீட்டர் வித்தியாசம் வந்தது. எந்த மட்டையை எடுப்பது என்று ஆட்டக்காரர் தடுமாற அதுவே போதும்.

சரிவைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 400 மீட்டர் குழி 30 மீட்டர் இறங்கினாலும், டீயையும் கிரீனையும் இணைக்கும் சாய்வுக் கோடு 401.1 மீட்டர்தான். தவிரவும், குழியின் நீளத்தைக் கிடைமட்டமாக அளப்பதே முறை.

என் தேர்வு கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள். இதுவும் இலவசம், நில அளவைத் திணைக்களம் பயன்படுத்தும் 1999 ஆம் ஆண்டின் இலங்கை ஆள்கூற்று முறை இதில் உள்ளது, களத்தில் எடுத்த புள்ளிகளை நேரே ஏற்றலாம். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். இணைய வரைபடங்களுக்குரிய மெர்கேட்டர் எறியத்தில் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் ஒரு முறை), அளவுக் கருவியைத் தளக் கணக்கில், அதாவது தட்டையான படத்தின் மீதே அளக்கும்படி வைத்து, முதல் நாள் முழுவதும் அளந்துவிட்டேன். நமது அட்சரேகையில் அது முக்கால் சதவீதம் கூட்டிக் காட்டும்: 400 மீட்டர் 403 ஆகிவிடும். பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் நீள்வட்டக் கணக்கிற்கு மாற்றிய பின்னரே அளவுகள் நேராயின. ஒன்பது குழிகளையும் மீண்டும் அளக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவதான ஆட்டோகேட், பொறியியல் வரைபட மென்பொருள்; துல்லியமாக வரையும். மண் வெட்டிப் புதிய கிரீன் அமைப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். தூர அட்டைக்காக மட்டும் அதன் சந்தாவைக் கட்டுவது வீண்செலவு.

எதைத் தேர்ந்தாலும், மரநிழலில் உள்ள கிரீன்களின் நடுப்புள்ளியைப் படத்தில் குறிக்காதீர்கள். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் மரங்களுக்கடியில் பல மீட்டர் விலகும் என்பதால், அளவைக் கருவியுடன் நேரில் சென்று, பனிமூட்டம் இறங்குவதற்கு முன் அந்தப் புள்ளிகளை எடுத்து வந்து கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றுங்கள்.