ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவர்: நல்ல சரக்கு, பெயர்தான் குழப்பம்

புதுச்சேரி கத்திரி வெயிலில் சும்மா இருக்கும்போதே லினக்ஸ் லேப்டாப் ஃபேன் இரைகிறதா? ஏஎம்டியின் ரைசன் சிப் என்றால், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த எந்த டிரைவர் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். டெர்மினலில் 'சிபியூபவர் ஃப்ரீக்வன்சி-இன்ஃபோ' கட்டளை சொல்லிவிடும். பழைய 'ஏசிபிஐ-சிபியூஃப்ரீக்' என்று வந்தால் பெரும்பாலும் மூன்றே வேகப்படிகள். பி-ஸ்டேட் இன்னும் நுணுக்கமாக ஏற்றி இறக்கும்.

2022இல் லினக்ஸ் 5.17 கர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு) வந்த டிரைவர் இது. வேகத்தை ஹார்டுவேரே முடிவுசெய்யும் ஆக்டிவ் முறை 6.3இல் சேர்ந்தது, 6.5 முதல் ஜென் 2, அதற்குப் பிந்தைய தலைமுறைச் சிப்களில் தானாகவே ஏறும். டெபியன் 12இன் 6.1 கர்னலில் அந்தச் சொகுசு இல்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் 'ஏஎம்டி_பிஸ்டேட்=பேசிவ்' (வேகத்தைக் கர்னல் சொல்லும் முறை) சேர்த்து, 'அப்டேட்-கிரப்' ஓட்டி, ரீபூட் செய்ய வேண்டும். ஆக்டிவ்தான் வேண்டுமென்றால் பேக்போர்ட்ஸ் கர்னல் (டெபியன் 12க்கெனத் தரப்படும் புதிய பதிப்பு) போடுங்கள்.

அப்போதும் ஏறாவிட்டால் பயாஸில் சிபிபிசி (சிப்பும் கர்னலும் வேகத்தைப் பேசிக்கொள்ளும் வசதி) அணைந்திருக்கலாம். சில லேப்டாப்களில் அந்த மெனுவே கண்ணில் படாது. பயாஸ் அப்டேட் வந்தால்தான் வழி.

ஆக்டிவ் முறையில் 'பவர்சேவ்', 'பர்ஃபார்மன்ஸ்' என இரண்டே கவர்னர்கள் (வேகக் கொள்கைகள்) தெரியும். பவர்சேவ் என்றால் வேகத்தை அடியிலேயே கட்டிப்போடும் என்று பயந்து பலர் மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம், தேவைக்கேற்ப ஏற்றுவது ஹார்டுவேர்தான். இந்தப் பெயரை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்! வேகமா சிக்கனமா என்று சிப்புக்குச் சொல்லும் இபிபி அமைப்பை 'பேலன்ஸ்_பவர்' என்று வையுங்கள். கரண்ட் போன நேரத்தில் மட்டும் 'பவர்', அதுதான் அதிகச் சிக்கனம்.