கோல்ஃப் டிரைவர் தலையின் எடை: ஈய டேப்பா, ஸ்க்ரூவா, நகரும் வெயிட்டா?

டிரைவரின் (பந்தை அதிக தூரம் அடிக்க எடுக்கும் கோல்ஃப் கிளப்) எடையை மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: எடையைக் கூட்டப் போகிறீர்களா, இருக்கிற எடையை இடம் மாற்றப் போகிறீர்களா? இரண்டும் வேறு வேறு வேலைகள். கூட்டினால் கைக்குத் தெரியும். சுழற்றும்போது தலை எங்கே வருகிறது என்பது பிடிபடும். இடம் மாற்றினால் கைக்கு அவ்வளவாகத் தெரியாது. பந்து போகிற போக்கில்தான் தெரியும். எந்த வழி நல்லது என்ற சண்டை முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

இன்றைய டிரைவர் தலை பெரும்பாலும் 195 முதல் 205 கிராமுக்குள் இருக்கும். அதில் 2 கிராம் கூட்டினால் ஸ்விங் வெயிட் (சுழற்றும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதன் அளவு) ஒரு புள்ளி ஏறும்; டி2 இருந்தது டி3 ஆகும். இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் அதிலிருந்தே வரும்.

ஈய டேப்பிலிருந்து தொடங்குகிறேன். செலவு மிகக் குறைவு. கோல்ஃப் கடையில் இல்லையென்றால் டென்னிஸ் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். ராக்கெட்டில் ஒட்டுவதும் இதே சரக்குதான். அரை அங்குல அகல டேப்பில் 4 அங்குல நீளம் வெட்டினால் சுமார் 2 கிராம். ஒட்டுகிற இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, டேப்பின் நான்கு முனைகளையும் கத்தரியால் வளைவாக நறுக்கி, ஒட்டியபின் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். கூர்முனையை அப்படியே விட்டால் புல் உரசி அங்கிருந்துதான் பெயரும். ஃபேஸில் (பந்தில் படும் முகத்தில்) ஒட்டவே கூடாது. சோலில் (தலையின் அடிப்பக்கத்தில்) தரையைத் தொடும் மேட்டிலும் வேண்டாம். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், ஈயம்.

டேப்பின் பெரிய பலம், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் பிய்த்துவிடலாம் என்பது. ஆனால் பந்தைத் திருப்பும் சக்தியை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். ஹீல் பக்கம் (தலையில் தண்டு சேரும் பக்கம்), ஈர்ப்பு மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி 4 கிராம் ஒட்டினால், 200 கிராம் தலையின் ஈர்ப்பு மையம் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது, 0.8 மி.மீ. அளவுதான். அதே சமயம் ஸ்விங் வெயிட் இரண்டு புள்ளி ஏறிவிடும். “ஹீலில் டேப் ஒட்டினேன், ஸ்லைஸ் போய்விட்டது” (வலது கைக்காரரின் பந்து வலது பக்கம் வளைந்து போவதுதான் ஸ்லைஸ்) என்று சொல்பவருக்கு உதவியது பெரும்பாலும் கூடிய எடைதான், ஒட்டிய இடம் அல்ல என்பது என் கருத்து. தலை கொஞ்சம் கனத்ததும் அவசரப்பட்டு இழுப்பது குறைந்திருக்கும். அது நல்ல விஷயம்தான். காரணத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்த கிளப்பிலும் பயன்படும்.

ஸ்க்ரூ வெயிட்டுகளின் கதை 2004-இல் டெய்லர்மேட் கம்பெனியின் ஆர்7 குவாட் டிரைவர் வந்தபோது சூடுபிடித்தது. தலையில் நான்கு துளைகள். 10 கிராமில் இரண்டு, 2 கிராமில் இரண்டு என்று நான்கு ஸ்க்ரூக்கள். கூடவே ஒரு ரெஞ்ச். விளையாடுகிறவரே வீட்டில் உட்கார்ந்து எடையை இடம் மாற்றலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். அப்போது விதிகளும் எடையை மாற்றுவதை மட்டும்தான் அனுமதித்தன. லாஃப்ட் (ஃபேஸின் சாய்வு) போன்ற மற்றவற்றை மாற்றும் அமைப்புகளுக்கு 2008-இல்தான் வழி திறந்தது.

இந்த முறையை நான் மதிப்பதற்குக் காரணம், இரண்டு வேலையையும் இதனால் செய்ய முடியும் என்பது. முன்னால், அதாவது ஃபேஸ் பக்கம், 13 கிராமும் பின்னால் 3 கிராமும் இருக்கிற தலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இடம் மாற்றினால் 10 கிராம் முன்னிருந்து பின்னுக்குப் போகிறது. இடைவெளி 80 மி.மீ. என்று வைத்தால் ஈர்ப்பு மையம் 4 மி.மீ. நகரும். மொத்த எடையில் ஒரு கிராம்கூட மாறவில்லை. இது டேப்பால் ஆகாத காரியம். கனமானது பின்னால் இருந்தால் பந்து மேலே எழும்பும், ஸ்பின் (பந்தின் பின்சுழற்சி) கூடும், ஃபேஸின் நடுவில் படாத அடியையும் தலை ஓரளவு தாங்கும். முன்னால் வைத்தால் ஸ்பின் குறையும், பந்து தாழப் போகும், தவறான அடிக்குத் தண்டனையும் கூடும். ஸ்விங் வேகம் நிறைய இருந்து, பந்து பலூன் மாதிரி ஏறி நின்றுவிடுகிறவருக்கு முன்னால் வைப்பது சரி. வார இறுதியில் ஆடுகிற நம்மில் பெரும்பாலானோருக்குக் கனம் பின்னால் இருப்பதே நல்லது.

ஸ்க்ரூ உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இன்னொன்று: ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) வெட்டும்போது. கடையில் வாங்கும் டிரைவர்கள் 45.5 அங்குலத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வருகின்றன. அந்த நீளத்தில் பந்தை நடுவில் அடிக்க முடியாமல் ஒரு அங்குலம் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர், அது நல்ல முடிவும்கூட. ஆனால் அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் மூன்று புள்ளி இறங்கும். ஒரு அங்குலத்துக்கு ஆறு. டி3-இல் இருந்த கிளப் சி7-க்கு வந்து நிற்கும் (டி0-க்குக் கீழே வருவது சி9). கையில் எடுத்தால் தலையே இல்லாத குச்சி போலிருக்கும். பழைய உணர்வு திரும்ப வேண்டுமென்றால் தலையில் 12 கிராம் ஏற்ற வேண்டும். டேப்பில் 12 கிராம் என்றால் இரண்டடி நீளம்! சோல் முழுக்க ஈயமாகிவிடும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி 12 கிராம் கூடுதலான ஒன்றை முறுக்கினால் இரண்டு நிமிட வேலை. முழுப் புள்ளியையும் ஈடுகட்டியே தீர வேண்டும் என்றுகூட இல்லை. பலருக்கு 6, 8 கிராமிலேயே கை சமாதானமாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் முதலில் டேப். தற்காலிகமாக ஒட்டிப் பார்த்து, எத்தனை கிராம் என்று தெரிந்தபின் ஸ்க்ரூ வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. ஒரு கம்பெனியின் ஸ்க்ரூ இன்னொன்றில் ஏறாது. ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மரையும் விட்டமும் மாறும். வந்த ஸ்க்ரூவை நகைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு முறுக்குங்கள். கிளப்புக்கான டார்க் ரெஞ்ச் “டக்” என்று சத்தம் கொடுக்கும் வரைதான் முறுக்க வேண்டும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினால் ஒன்று ஆட்டத்தின் நடுவே தளரும், இல்லை மரை போய்விடும்.

அடுத்தது பள்ளத்தில் நகரும் வெயிட். 2013-இல் வந்த டெய்லர்மேட் எஸ்எல்டிஆர் இதைப் பிரபலமாக்கியது. சோலின் முன்பகுதியில் 20 கிராம் எடை ஒரு பள்ளத்தில் ஹீலுக்கும் டோவுக்கும் (ஹீலுக்கு எதிர்முனை) இடையே நகரும். பக்கவாட்டில் 30 கெஜம் வரை வித்தியாசம் வரும் என்று விளம்பரம் சொன்னது. 2017-இல் கேலவே எபிக் 17 கிராமைப் பின்விளிம்பில் நகர்த்தியது. டைட்லிஸ்ட் ஐந்து நிலைகள் கொண்ட பள்ளத்தை அதன்பின்னும் விடவில்லை. 2024-இன் ஜிடி3-இலும் இருந்தது.

பார்க்க அழகாக இருக்கும், மாற்றுவதும் சுலபம். ஆனாலும் மூன்றில் அளவுக்கு மீறிப் புகழப்பட்டது இதுதான் என்று நினைக்கிறேன். 15 கிராமை நடுவிலிருந்து ஹீல் பக்கம் 30 மி.மீ. தள்ளினால் ஈர்ப்பு மையம் 2.25 மி.மீ. நகரும். டேப்பைவிட நிச்சயம் மேல். ஆனால் பந்து ஃபேஸில் அரை அங்குலம் தள்ளிப் பட்டால் அது 12 மி.மீ.க்கும் மேல். அடி ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் படுகிறவருக்கு அந்த இரண்டேகால் மில்லிமீட்டர் கண்ணுக்கே தெரியாது. ஒரே இடத்தில் அடிப்பவருக்கு, பந்து எப்போதும் கொஞ்சம் வலது பக்கம் விழுகிறது என்பவருக்கு, அது தங்கம். இன்னொன்று, பள்ளத்தின் சுவர்களுக்கும் ஒரு எடை உண்டு. அந்த எடை பின்விளிம்புக்குப் போயிருந்தால் தவறான அடியைத் தாங்கும் சக்தி கூடியிருக்கும். பிங் இந்தக் கணக்கை நன்றாகப் பார்த்தது: ஜி410 பிளஸில் 16 கிராம், ஜி425 மேக்ஸில் 26 கிராம் டங்ஸ்டன், இரண்டிலும் மூன்றே மூன்று நிலைகள், எல்லாம் பின்னால். 2025-இல் டெய்லர்மேட் க்யூஐ35, கேலவே எலைட் இரண்டுமே பள்ளத்தை விட்டு ஸ்க்ரூவுக்குத் திரும்பின.

தலைக்குள் சூடான பசையை ஊசியால் செலுத்தும் ஹாட் மெல்ட் முறையும் உண்டு. வெளியே எதுவும் தெரியாது, சத்தமும் மென்மையாகும். ஆனால் பழகிய ஃபிட்டரிடம்தான் (கிளப்பை ஆளுக்கேற்பச் சரிசெய்பவர்) போக வேண்டும், திரும்ப எடுப்பது கஷ்டம், கார்பன் மூடி உள்ள தலையைச் சூடுபடுத்துவது ஆபத்து, வாரண்டியும் போகும். டிரைவர் அடிக்கும் ஓசையே பிடிக்கவில்லை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும் அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கால் பவுடர் ஸ்பிரேயை ஃபேஸில் மெல்லியதாக அடித்து, பத்துப் பந்து அடியுங்கள். வெள்ளைப் பூச்சில் பந்தின் தடம் வட்டமாக விழும், பந்தின் மேலுள்ள சிறு குழிகள்கூடத் தெரியும். தடங்கள் ஃபேஸ் முழுக்கச் சிதறியிருந்தால் இடம் மாற்றும் யோசனையை விட்டுவிட்டு டேப்பால் எடையைக் கூட்டிப் பாருங்கள், அல்லது ஷாஃப்டை வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பந்து மட்டும் ஒரே பக்கம் வளைகிறதென்றால் ஸ்க்ரூவோ நகரும் வெயிட்டோ உள்ள தலைக்குப் பணம் போடலாம். எல்லாத் தடமும் டோ பக்கமே குவிகிறதா? எடையைத் தொடாதீர்கள், நிற்கும் தூரத்தைச் சரிபார்த்துவிட்டு மறுபடி ஸ்பிரே அடியுங்கள்.

போட்டியில் ஆடுகிறவர்களுக்கு விதி 4.1 முக்கியம். இந்த மாற்றமெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். நடுவில் வெயிட்டை நகர்த்தினாலோ டேப்பை ஒட்டினாலோ பிய்த்தாலோ, அடிக்குமுன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் தண்டனை இல்லை. மாற்றிய கிளப்பால் ஒரு அடி அடித்துவிட்டால் தகுதி நீக்கம். ஆட்டத்தின் போக்கில் டேப் தானாகப் பெயர்ந்து விழுந்தால் மட்டும் அதே டேப்பை அதே இடத்தில் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.