வானத்தில் வெள்ளை வட்டம்: நெகட்டிவைக் கழுவ போர் தண்ணீரா, கேனா, பேட்டரி வாட்டரா?

தை அறுவடையில் திருவையாறு பக்கம் எடுத்த பிலிம் ரோல், வீட்டில் நானே கழுவியது. ஸ்கேன் போட்டுப் பார்த்தால் களத்துமேட்டில் ஒரு குறையும் இல்லை. வானம் மட்டும் வெள்ளை வட்டங்களாக இருந்தது. படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரை மாற்றினேன், அதை நிலைநிறுத்தும் மருந்தான ஃபிக்ஸரை மாற்றினேன். அடுத்த ரோலிலும் அதே வட்டம். கடைசியாகக் கழுவிய தண்ணீர்தான் காரணம் என்று புரிவதற்குள் மூன்று ரோல் போய்விட்டது.

உங்களுக்கும் இப்படி வந்தால், நெகட்டிவை ட்யூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். திட்டு பளபளப்பான பக்கத்தில் இருந்தால் அது காய்ந்த உப்பு. மங்கலான பக்கத்தில், அதாவது படம் பதியும் எமல்ஷன் பூச்சுப் பக்கத்தில் இருந்தால், சொட்டு நின்ற இடம் தாமதமாகக் காய்ந்த தடம். அது பெரும்பாலும் போகாது. பிலிம் பால் படிந்தாற்போல மங்கியிருந்தால் தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம். ஃபிக்ஸர் பத்தவில்லை, திரும்ப ஃபிக்ஸரில் போட்டால் தெளிந்துவிடும்.

மூன்று தண்ணீரிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவைத்தேன். போர் தண்ணீர் விளிம்பு கட்டிய வெள்ளை வளையமாக நின்றது, வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே காரை. கேன் தண்ணீர் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மெல்லிய வளையம். உப்பு நீக்கி பேட்டரிக்கு ஊற்ற விற்கும் பேட்டரி வாட்டர் விழுந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நெகட்டிவிலும் நடப்பது இதுதான்.

போர் தண்ணீரை நான் விட்டுவிட்டேன். நாகப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், நாக்கிலேயே தெரியும். உப்பு ஒருபக்கம் இருக்க, சித்திரை வெயிலில் மாடித் தொட்டியிலிருந்து வருவது கிட்டத்தட்ட வெந்நீர். அதில் பிலிமின் ஜெலட்டின் பூச்சு ஊறி இளகிவிடும், விரல் பட்டாலே கீறல் விழும்.

கேன் தண்ணீர் மருந்து கலக்கவும் கழுவவும் நன்றாகவே போதும். குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. பிலிம் கம்பெனியான இல்ஃபோர்ட் சொல்லும் முறைப்படி பிலிம் டேங்கை நிரப்பி மூடி, 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டி, அடுத்து புதுத் தண்ணீரில் 10 முறை, மறுபடி புதுத் தண்ணீரில் 20 முறை. ஒரு ரோலுக்கு ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். ஜெலட்டினை இறுக்கும் ஹார்டனர் சேராத ஃபிக்ஸருக்குத்தான் இந்தக் கணக்கு.

ஆனால் கடைசியாக ஒரு தடவை முக்கி எடுக்க நான் பேட்டரி வாட்டரைத்தான் சொல்வேன். பிலிமில் நின்று காய்வது அந்தத் தண்ணீர் மட்டும்தான். முன்னால் ஓடியதெல்லாம் வடிந்துவிடுகிறது. 35 எம்எம் ரீல் ஒன்றுக்கு 300 மில்லி போதும், ஒரு லிட்டர் பாட்டில் மூன்று ரோலுக்கு வரும். தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழிந்துவிடச் செய்யும் போட்டோ-ஃப்ளோ திரவத்தை 200-க்கு 1 என்ற அளவில், அதாவது ஒன்றரை மில்லி, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விடுகிறேன். கண்ணளவில் ஊற்றினால் அதுவே பிசுக்காகப் படியும். விரலால் வழிக்காமல், குளியலறைக் கதவைச் சாத்தி, கீழே கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் காய ஒரு ராத்திரி பிடிக்கும். தூசி இல்லாமல் காய்ந்தால் போதும், அவசரப்பட்டு ஃபேன் போடாதீர்கள்.

கடையில் கேட்கும்போது மட்டும் கவனம். பேட்டரி ஆசிட்டும் அதே அலமாரியில்தான் இருக்கும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மழைத் தண்ணீர் என்று ஒரு வழியும் உண்டு. முதல் மழையை விட்டு, அடுத்ததைத் துணியில் வடிகட்டி எவர்சில்வர் குடத்தில் பிடித்தேன். இரண்டு ரோல் சுத்தமாக வந்தன. இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்தத் திருவையாறு ரோலை வெட்டிய துண்டுகளாகவே கேன் தண்ணீரில் ஊறப்போட்டு, பேட்டரி வாட்டரில் முக்கி மறுபடி காயவைத்தேன். வானம் திரும்பி வந்தது. இரண்டு ஃபிரேமில் மட்டும் எமல்ஷன் பக்கத்துத் தடம் அப்படியே இருக்கிறது. ஒன்று, தூற்றும் முறத்திலிருந்து பதர் பறக்கும் படம்.