ரீகல் அரங்கில் பி.பி. கிங்: ராக் இசை அலுத்தவர்கள் கேட்க வேண்டிய இசைத்தட்டு

ராக் இசையைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் அலுப்பு தட்டுவதற்குப் பெரும்பாலும் அதன் நெரிசலே காரணம். ட்ரம்ஸ், பேஸ், இரண்டு மூன்று கிட்டார்கள், குரல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தனி வாசிப்பு வரும் இடத்திலும் விரல்களின் வேகமே பெரிதாகிவிடும்போது, காதுக்கு மூச்சுவிட இடமிருப்பதில்லை. லெட் செப்பலினையும் டீப் பர்ப்பிளையும் ஆசையோடு கேட்டு வளர்ந்த எனக்கு அந்த நிலை வந்தபோது, கிட்டார்மீது இருந்த பற்று மட்டும் சற்றும் குறையவில்லை. அந்தப் பற்றுக்குச் சரியான இடத்தைக் காட்டியது, அமெரிக்கக் கருப்பின மக்களின் ப்ளூஸ் என்னும் இசையைப் பாடியும் கிட்டாரில் வாசித்தும் வந்த பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்' என்னும் நேரடி நிகழ்ச்சிப் பதிவு.

1964 நவம்பர் 21 அன்று சிகாகோ நகரின் தென்பகுதியிலிருந்த ரீகல் அரங்கில் இது பதிவு செய்யப்பட்டது. ஜானி பேட் தயாரிக்க, ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனம் 1965-இல் வெளியிட்டது. பத்துப் பாடல்கள், ஏறக்குறைய 35 நிமிடங்கள். 1928-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் 1973-இல் இடிக்கப்பட்டுவிட்டது. இந்தப் பதிவையோ அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2005-இல் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பட்டியலைவிட முக்கியமானது அன்று அங்கே அமர்ந்திருந்தவர்கள் யார் என்பது. மிசிசிப்பியின் பருத்தி வயல்களிலிருந்தும் தெற்கின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைப்புத் தேடிச் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த கருப்பின மக்களின் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த அரங்கம் அது. 1925-இல் மிசிசிப்பியில் பிறந்து, தானும் பருத்தி வயலில் உழைத்து, மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூடிஐஏ வானொலியில் பெயர் பெற்ற கிங், அவர்களுக்கு ஊர்க்காரரைப் போன்றவர். அதே 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் இங்கிலாந்தின் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், ப்ளூஸ் இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த, அதே சிகாகோவிலிருந்த செஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்துக்குத் தேடிவந்து பாடல்களைப் பதிவு செய்தார்கள். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து தங்கள் பெயரையே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். ராக் எங்கிருந்து புறப்பட்டது என்பதை இந்தத் தட்டைக் கேட்டால் காதே சொல்லிவிடும்.

பாடும்போது கிங் கிட்டார் வாசிப்பதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தன்னால் இயலாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த இயலாமையிலிருந்துதான் இத்தட்டின் அழகு முழுவதும் பிறக்கிறது என்பது என் முடிபு. ப்ளூஸின் வழக்கமான வடிவம் பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்டது. முதல் அடியைப் பாடி, அதையே மீண்டும் ஒருமுறை பாடி, மூன்றாம் அடியில் முடிப்பது மரபு. ஒவ்வோர் அடிக்கும் நான்கு அளவுகள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ இரண்டைக் குரல் நிரப்ப, மீதி வெற்றிடமாக நிற்கிறது. அந்த வெற்றிடத்தில்தான், 'லூசில்' என்று அவர் பெயரிட்டு அழைத்த கிட்டார் வாயைத் திறக்கிறது. குரல் குறைபட்டுக்கொண்டால் கிட்டார் தேற்றுகிறது, குரல் அதட்டினால் கிட்டார் எதிர்த்துப் பேசுகிறது, சில இடங்களில் குரல் சொல்லத் தயங்கியதைக் கிட்டாரே சொல்லி முடித்துவிடுகிறது.

அவர் வாசிக்கும் சுரங்கள் மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றையும் அவர் தொடும் விதம் தனி. குழாயொன்றைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் தன் உறவினர் புக்கா வைட்டின் ஒலியைத் தன்னால் எட்ட முடியாததால், இடக்கை விரலைக் கம்பியின்மேல் விரைவாக அசைத்து அந்த நடுக்கத்தைக் கொண்டுவரப் பழகிக்கொண்டவர் அவர். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து, மேற்கத்திய இசையின் இரு காந்தாரங்களுக்கும் இடையே உள்ள, பியானோவின் கட்டைகளில் அகப்படாத ஓரிடத்தில் சுரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவார். வீணையின் கமகங்களைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இதில் அந்நியம் எதுவும் தெரியாது.

தட்டின் உச்சம் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. 'எவ்ரி டே ஐ ஹேவ் த ப்ளூஸ்' விரைவு நடையில் கூட்டத்தை எழுப்பிவிட, அடுத்து 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்', 'இட்ஸ் மை ஓன் ஃபால்ட்', 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' ஆகிய மூன்று மெது நடைப் பாடல்களும் ஒரே நீண்ட உரையாடல்போலத் தொடர்கின்றன. அவற்றில் மூன்றாவதான 'ஹவ் ப்ளூ கேன் யூ கெட்' பாடலில், தான் செய்ததை எல்லாம் குறைசொல்லித் தள்ளிய பெண்ணிடம் ஒருவன் ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வருகிறான். ஒவ்வொரு வரிக்கும் இசைக்குழு சட்டென நின்று நின்று இடம்கொடுக்கிறது. கடைசியில் ஏழு பிள்ளைகளைப் பற்றிய வரி வரும்போது அரங்கிலிருந்து எழும் கூச்சலை, எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் உண்டாக்கியிருக்க முடியாது. ராக் நேரடிப் பதிவுகளில் கூட்டத்தின் ஆரவாரம் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டப்பட்ட ஓரமாகவே கேட்கும். இங்கே அது பாட்டின் நடுவே புகுந்து, பாடுபவரை மேலே தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு பெண்ணின் வீறிடல் கேட்கிறது. அடுத்த கணமே கிங்கின் குரலில் புதிய உரம் ஏறுவதும் கேட்கிறது.

இரண்டாம் பக்கத்தில் 'வொரி, வொரி' பாடலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டிலேயே நீளமான பாடல் இதுதான். ஆறு நிமிடங்களைத் தாண்டும் அதன் தொடக்கத்தில் கிட்டார் மட்டும் நெடுநேரம் பேசுகிறது. பிறகு குரல் நெஞ்சிலிருந்து எழுந்து மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவி, உடையும் தறுவாயில் திரும்பி வருகிறது. நடுவே கிங் பாட்டை நிறுத்தி, மனத்தாங்கல் உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் புத்தி சொல்கிறார். பெண்ணை அடிக்காதே, இதமாகப் பேசு என்று ஆண்களிடம் அவர் சொல்லும்போது அரங்கம் மகிழ்ந்து ஆமோதிக்கிறது.

குறைகளும் உள்ளன. 'ப்ளீஸ் லவ் மீ', 'யூ அப்செட் மீ பேபி' ஆகிய விரைவு நடைப் பாடல்கள் மேடையில் கூட்டத்தைக் களிப்பூட்டியிருக்கலாம். வீட்டில் தனியே அமர்ந்து கேட்கும்போது அவை ஒன்றுபோல் ஒலித்து விரைந்து மறைகின்றன. பியானோ பல இடங்களில் சாக்ஸபோன்களுக்கும் ட்ரம்பெட்டுக்கும் பின்னே அமுங்கிவிடுகிறது. பேஸின் அதிர்வை வயிற்றில் உணர்ந்து பழகிய ராக் ரசிகர்களுக்கு அடித்தளம் மெலிந்ததாகத் தோன்றும். அதற்காக ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மிதமான ஒலியில் கேட்டால்தான் கிங் ஒரு சுரத்தை மெல்லத் தட்டுவதற்கும் அழுத்தித் தட்டுவதற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இணையச் சேவைகளில் இது எளிதாகக் கிடைக்கிறது. அங்கே கேட்பவர்கள் பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் அந்த மூன்று மெது நடைப் பாடல்களின் தொடர்ச்சி அறுந்துவிடும். வினைல் தட்டு வாங்க வசதியுள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். இந்தப் பதிவு தொடக்கத்தில் பிடிபடாதவர்கள், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1967-இல் வெளியிட்ட, மற்றொரு ப்ளூஸ் கலைஞரான ஆல்பர்ட் கிங்கின் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' தட்டை முதலில் கேட்டுவிட்டு இதற்கு வரலாம். அதன் தலைப்புப் பாடலை மறு ஆண்டே க்ரீம் என்னும் ராக் குழு எடுத்துப் பாடியிருப்பதால், ராக் பக்கமிருந்து வருபவர்களுக்கு அது பழகிய வாசலாக இருக்கும். ஆயினும் கையில் ஒன்றுதான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், நான் ரீகல் பதிவையே எடுப்பேன்.