எப்சன் வி600 ஸ்கேனர்: வேட்டியின் மடிப்பு தெரிகிறதா?

ஸ்டூடியோக்காரர் வீட்டில் பிறந்ததால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கல்யாணப் படம் எதைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் வேட்டிக்குத்தான் கண் போகும். மடிப்பு தெரிந்தால் படம் தேறியது. தெரியாவிட்டால், "படத்தைக் கேட்டால் வெறும் பேப்பரை நீட்டுகிறாயே" என்று உதவியாளரை அப்பா வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

கடையை மூடியபோது மூன்று தகரப் பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. இரண்டில் யாஷிகாமேட் கேமராவில் எடுத்த, ‘120’ என்ற 6 செ.மீ. அகல ரக நெகட்டிவ்கள். அவற்றில் பாதிக்கு மேல் உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிம். போன வருடம் இருபது நெகட்டிவ்களை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். இருபதிலும் வேட்டி ஒரே வெள்ளை, தலைமுடி ஒரே கறுப்பு. அதே நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மடிப்பெல்லாம் பத்திரமாக இருக்கிறது! அந்தக் கோபத்தில்தான் எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 ஸ்கேனர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். எட்டு மாதமாக ஓடுகிறது.

வாங்கும்போது பலரும் அடர்த்தி எண்ணை, அதாவது பிலிமில் எவ்வளவு கறுத்த இடம் வரை ஸ்கேனர் பார்க்கும் என்பதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். இதற்கு நிறுவனம் சொல்லும் உச்ச அடர்த்தி 3.4, விலை கூடிய வி850க்கு 4.0. அடர்த்தி 1 என்றால் பிலிம் வழியாகப் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் போகும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு. ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் மிகக் கறுத்த இடம்கூட, அதாவது வெள்ளை வேட்டிகூட, 2ஐத் தாண்டுவது அரிது. ஆகவே நிறுவனத்தின் எண்ணில் கொஞ்சம் பெருமை கலந்திருந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. இதைவிடக் கறுக்கும் ஸ்லைடு (நேர்ப்படமாகவே இருக்கும் பிலிம்) வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் கவலைப்படட்டும்.

அப்படியானால் வேட்டி எங்கே போகிறது? ஸ்கேனரின் கண்ணுக்கு அது தெரியத்தான் செய்கிறது. படம் பார்த்தவுடன் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தானியங்கி அமைப்பு வெளுப்பு, கறுப்பு என்ற இரு முனைகளையும் நறுக்கிவிடுகிறது. எந்த மென்பொருளிலும் இது நடக்கக்கூடியதுதான். ஒருமுறை நறுக்கி எட்டு பிட் ஜேபெக்காகச் சேமித்துவிட்டால், பிறகு எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

நான் செய்வது இதுதான். எப்சன் ஸ்கேன் மென்பொருளில் புரொஃபஷனல் மோட். 16 பிட் கிரேஸ்கேல்: எட்டு பிட்டில் 256 படிகள், இதில் 65,536. ஹிஸ்டோகிராமை (கறுப்பு முதல் வெள்ளை வரை எந்தச் சாயல் எவ்வளவு என்று மேடாகக் காட்டும் வரைபடம்) திறந்து, இரு ஓர அம்புகளையும் மேட்டின் அடிவாரத்துக்கு வெளியே சற்றுத் தள்ளி வைக்கிறேன். கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, டிஃப் கோப்பாகச் சேமிக்கிறேன். வருகிற படம் தண்ணீர் கலந்த மோர் மாதிரி வெளிறிக் கிடக்கும். முதல்முறை பார்த்தபோது ஸ்கேனர் பழுது என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: இது பிரிண்ட் அல்ல, இன்னொரு நெகட்டிவ். வெளிறிய நெகட்டிவுக்குக் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும் ஹார்டு பேப்பர், முரட்டு நெகட்டிவுக்கு அதைக் குறைக்கும் சாஃப்ட் பேப்பர் என்று அப்பா இருட்டறையில் தேர்ந்தெடுத்த வேலையை, நான் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில், சாயல்களை ஏற்றி இறக்கும் வளைகோட்டை வளைத்துச் செய்கிறேன்.

ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். 1974, கல்யாண மண்டபம், நேரே அடித்த ஃபிளாஷ். மாப்பிள்ளையின் வேட்டி நெகட்டிவில் கரிக்கட்டையாக இருக்கிறது. பின்வரிசையில் தவில்காரர் இருக்கும் இடம் ஏறக்குறைய கண்ணாடி. கடைக்காரர் கொடுத்ததில் தவில்காரரே இல்லை. என் ஸ்கேனில் வளைகோட்டின் மேல்முனையை அழுத்திப் பிடித்து, அடிமுனையைக் கொஞ்சம் தூக்கினேன். முதலில் வேட்டியின் சரிகைக்கரை வந்தது, பிறகு முழங்காலருகே மூன்று மடிப்பு. கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து தவிலின் வார்களும், விரல்களில் மாட்டிய கூடுகளும். அம்மா அரைமணி நேரம் அந்தத் தவில்காரர் யாரென்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

தூசிதான் பெரிய தலைவலி. இதிலுள்ள டிஜிட்டல் ஐஸ் வசதி அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளியும் அந்த ஒளியை மறிப்பதால், படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்ளும். அணைத்து வையுங்கள். ஊதுகுழலும் மெல்லிய தூரிகையும்தான் கதி. இன்னொன்று என் முட்டாள்தனம்: சுருண்ட நெகட்டிவ்களைச் சட்டத்தில் பொருத்தச் சோம்பல்பட்டுக் கண்ணாடிமேல் நேரே பரப்பினேன். ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் பகுதியை மறைத்துவிட்டதால் படம் நெடுகக் கோடுகள். இப்போது கனத்த அகராதியின் அடியில் ஒரு வாரம் வைத்து நிமிர்த்திய பிறகே எடுக்கிறேன்.

பெட்டியில் 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று போட்டிருக்கிறது. 2400க்கு மேல் என் கண்ணுக்கு எதுவும் கூடுதலாகத் தெரியவில்லை; அதிலேயே ஒரு 6x6 செ.மீ. நெகட்டிவ் 56 எம்பி வரை வருகிறது. 35 மி.மீ. பிலிம் மட்டும் வைத்திருப்பவர்கள் தனி பிலிம் ஸ்கேனர் பார்க்கலாம். 120க்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

2400இல் பெரிதாக்கியபோது பெரிய அத்தையின் கண்ணுக்குக் கீழே நுண்ணிய கோடுகள் தெரிந்தன. கீறல் என்று நினைத்து அழிக்கப் போனேன். சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பென்சில்! கருவளையத்தை மறைக்க அப்பா நெகட்டிவின் மேலேயே தீட்டியது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது பெட்டியில் இருப்பவை 4x5 அங்குல நெகட்டிவ்கள். ஸ்கேனரின் பிலிம் விளக்கு 6 செ.மீ. பிலிமின் அகலத்துக்கே சரி. அவற்றுக்கு வெளிச்சப் பெட்டியும் கேமராவும் வைத்துப் பார்க்க வேண்டும், மழைக்காலம் முடியட்டும்.